எந்தச் சமூகம் ‘தயாராகி’ வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலினத் திருமணம் என்று பேச்செடுத்தாலே, “எங்கள் பகுதி மக்கள் இன்னும் தயாராகவில்லை” என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுகிறார்கள். பழமைப் பிடிப்புள்ள நாடுகளில் இது எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்று நெடுநாளாகக் கவனித்து வருகிறவர்கள் நாங்கள். அந்த வரியை ஏற்க எங்களால் முடியவில்லை.

அயர்லாந்தைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சொல்லே சட்டமாக இருந்த நாடு. தன்பாலின உறவு அங்கே 1993 வரை குற்றம். விவாகரத்துக்கே 1995-இல்தான், அதுவும் மயிரிழையில், மக்கள் சம்மதித்தார்கள். அதே மக்கள் 2015 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 62 சதவீத ஆதரவோடு தன்பாலினத் திருமணத்தை ஏற்றார்கள். 43 தொகுதிகளில் மறுத்தது ஒன்றுதான். அதற்கு முன் 2010-இல் இணையர் பதிவுச் சட்டம் வந்திருந்தது. தெருவில் இரண்டு பேர் சட்டப்படி சேர்ந்து வாழ்வதை ஊர் சில வருடங்கள் கண்ணால் பார்த்துவிட்டது. பிறகு 66 பொதுமக்கள், 33 அரசியல்வாதிகள், ஒரு தலைவர் என 100 பேர் அடங்கிய அரசியல் சாசன மாநாடு 2013-இல் கூடி இரு தரப்பையும் கேட்டது. வாக்குக்கு வந்த திருத்தமோ ஒரே வாக்கியம்: பால் வேறுபாடின்றி இருவர் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம். எந்தத் தேவாலயமும் இந்தத் திருமணங்களை நடத்தியாக வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் வாக்கெடுப்புக்கு முன்பே தெளிவாகச் சொன்னார்கள். மத நம்பிக்கை உள்ளவர்களின் பெரிய அச்சம் அதுதான். அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் எந்த ஊரிலும் ஓரடி நகர முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் வாக்குப்பெட்டியிடம் விட்டுவிடலாமா? கூடாது. ஸ்லோவேனியாவில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை 2015 டிசம்பர் வாக்கெடுப்பு கவிழ்த்தது. ஏழு வருடம் கழித்து அரசியல் சாசன நீதிமன்றம்தான் உரிமையைத் தந்தது. தைவானில் 2018 வாக்கெடுப்பில் தோல்வி. இருந்தும் நீதிமன்றம் விதித்திருந்த கெடுவின்படி 2019 மே மாதம் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் அரசின் கருத்துக்கணிப்பிலேயே ஆதரவு பாதியைத் தாண்டியது. அமெரிக்காவில் கலப்பினத் திருமணத் தடையை உச்ச நீதிமன்றம் 1967-இல் நீக்கியபோது பெரும்பான்மையினர் அதை விரும்பவில்லை. அவர்கள் மனம் மாற இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மனம் மாறட்டும் என்று சட்டம் காத்திருந்தால் எத்தனை பேரின் ஆயுள் முடிந்திருக்கும்?

நீதிமன்ற ஆணை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். தன்பாலினத் திருமணங்களைத் தற்காலிகமாகப் பதிவு செய்யச் சொல்லி நேபாள உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற உரிமையியல் சட்டப் பிரிவு அப்படியே இருந்ததால், காட்மாண்டு மாவட்ட நீதிமன்றம் பதிவுக்கு மறுத்துவிட்டது. நவம்பரில் முதல் பதிவைச் செய்தது தலைநகரம் அல்ல, லம்ஜுங் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராம நகராட்சி! ஆனால் அது தற்காலிகப் பதிவு. சொத்துரிமை, தத்தெடுப்பு எதுவும் அதனால் தானாகக் கிடைத்துவிடாது.

ஆகவே சட்டத்தை எழுதுகிறவர்கள் சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். தைவானின் 2019 சட்டம், இணையரில் ஒருவர் பெற்ற குழந்தையை மட்டுமே மற்றவர் தத்தெடுக்க விட்டது. வெளிநாட்டு இணையர் பலருக்குப் பதிவும் மறுக்கப்பட்டது. இரண்டையும் சரிசெய்ய 2023 ஆயிற்று. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ‘கணவன்’, ‘மனைவி’ என்பதை ‘வாழ்க்கைத்துணை’ என்று மாற்றியது, நல்லது. ஆனால் ‘தந்தை’, ‘தாய்’ என்ற சொற்களோடு ‘பெற்றோர்’ என்பதையும் சேர்க்கச் சொன்ன கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. இரண்டு அம்மாக்கள் வளர்க்கும் குழந்தையின் உரிமை அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள் சிலர்