எலிஃபண்டா படகுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பைத் துறைமுகத்தில் பயணப் படகுகளுக்கும் படகுத்துறைகளுக்கும் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மாட்டுங்காவில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான், எலிஃபண்டா படகுகளில் ஏறி இறங்கும் சிரமம் குறித்து மராத்தியில் இரண்டு முறை தங்களுக்கு எழுதியிருக்கிறேன். என் மராத்தி கடைவீதிக்குப் போதுமே தவிர அலுவலகத்துக்குப் போதாது என்பதால், கல்லூரியில் படிக்கும் என் மகள் திருத்திக் கொடுத்த மடல்கள் அவை. இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான எண் வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவதைத் தாய்மொழியில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அழைத்துப் போய், குகைக் கோயில் உள்ள எலிஃபண்டா தீவுக்குப் படகேற்றும் மும்பைத் தமிழர்கள் ஏராளம் பேர்; நான் சொல்லப்போவதை அவர்களில் பலர் ஏற்கெனவே பட்டறிந்திருப்பார்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கேட்வே ஆஃப் இந்தியாவிலும் எலிஃபண்டா தீவிலும், நீர் ஏறினாலும் வற்றினாலும் படகின் தளத்தோடு சேர்ந்து தானும் ஏறி இறங்கும் ஒரு மிதவைத் தளத்தையும், அங்கிருந்து கரைக்கு நடந்து வரக் கைப்பிடியுள்ள ஒரு சாய்பாதையையும் அமைத்துத் தாருங்கள்.

சென்ற பிப்ரவரியில், அமாவாசைக்கு மறுநாள், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த என் தாயாரை எலிஃபண்டாவுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு வயது எழுபத்திரண்டு; முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அதற்கு முந்தைய நாட்களில் மும்பையை ஓரளவு சுற்றிக் காட்டியிருந்தேன். மரீன் டிரைவில் உட்கார்ந்து காற்று வாங்கினார். சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தை எதிர் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஓவல் மைதானத்தின் ஒரு பக்கம் பழைய கோபுரக் கட்டடங்களும் மறுபக்கம் ஆர்ட் டெக்கோ அடுக்ககங்களும் எதிரெதிரே நிற்பதைக் காட்டியபோது, "மாமியாரும் மருமகளும் மாதிரி இருக்கே" என்றார். ஆனால் அவர் வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தது எலிஃபண்டா குகையைத்தான். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் கயிலையைத் தூக்கி நெரிபடுவது வழக்கம் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்தவர், அதே இராவணன் அங்கே கல்லில் மலையைத் தூக்குகிறான் என்று எப்போதோ நான் தொலைபேசியில் சொன்னதை மறக்கவே இல்லை.

போகும்போது பெரிய தொல்லை இல்லை. காலை பத்து மணிக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தது. படிகளுக்கு அருகிலேயே லாஞ்ச் என்னும் மோட்டார் படகு நின்றது. ஒருவர் கை கொடுத்தார், ஏறிவிட்டார். தீவில் சின்ன ரயிலில் போனோம். பிறகு நூற்றிருபது படிகள். இரு பக்கமும் கடைகள், நீலத் தார்ப்பாய் நிழல், கையிலிருக்கும் தண்ணீர்ப் போத்தலையே குறிவைக்கும் குரங்குகள். டோலிக்காரர்கள் இரண்டு முறை வந்து கேட்டார்கள். "நாலு பேர் தூக்கிப் போய்ச் சாமி பார்க்கிற அளவுக்கு நான் இன்னும் ஆகவில்லை" என்று சொல்லிவிட்டு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று தாமே ஏறினார். ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்தில், இருட்டுக்குள்ளிருந்து மெல்லத் துலங்கி வரும் சிவனின் அந்த மூன்று முகங்களுக்கு முன்னால் அவர் எதுவும் பேசவில்லை. சிதைந்துபோன இராவணன் சிற்பத்தின் முன்னால்தான் எட்டாம் பாட்டு ஒன்றைச் சன்னமாகப் பாடினார். பக்கத்தில் நின்ற ஒரு மராட்டியக் குடும்பம், பொருள் தெரியாவிட்டாலும், முடியும் வரை நின்று கேட்டது. இதையெல்லாம் எழுதுவது, அந்த இடத்துக்கு வருவதில் முதியவர்களுக்கு என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

திரும்பியபோது மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. தங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல, ஆயினும் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் நண்பகல் வாக்கில் நீர் ஏறி நிற்கும். மாலை ஆறு மணியை ஒட்டி அடியோடு வற்றிவிடும். காலையில் போய் மாலையில் திரும்புகிற பயணிக்கு, படிகள் வெளியே தெரியும் நேரமும் படகிலிருந்து இறங்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேரும். அன்று கேட்வேயின் கீழ்ப்படிகள் பச்சைப் பாசியோடு வழுக்கிக்கொண்டு நின்றன. எங்கள் லாஞ்ச் மூன்றாவதாகக் கட்டப்பட்டது. அதாவது, எங்கள் படகிலிருந்து இரண்டாவது படகுக்கு, அதிலிருந்து முதல் படகுக்கு, அதிலிருந்து பாசிப் படிக்கு என்று மூன்று தாண்டல். இரண்டு படகுகளும் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கின. நடுவிலிருந்த இடைவெளி ஒரு சாண் ஆகும், மறு நொடி இரண்டு முழமாகும்.

என் தாயார் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு போய்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். "நீ போ, நான் அப்புறம் வருகிறேன்" என்றார். எங்கிருந்து அப்புறம் வருவது? எல்லோரும் இறங்கிவிட்டார்கள்; அடுத்த பயணத்துக்கு இல்லாவிட்டாலும் இரவு நங்கூரமிடவாவது அந்தப் படகு போயாக வேண்டும். முன்னாலுள்ள படகுகள் விலகட்டும் என்று நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஒன்று விலகியது, வேறொன்று வந்து நின்றது. கடைசியில் படகுக்காரப் பையன்கள் இருவர், "மாஜி, டரோ மத்" (அம்மா, பயப்படாதீர்கள்) என்று சொல்லிக்கொண்டே இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, அவர் சரி என்பதற்குள் தூக்கி, படகு மாற்றிப் படகு மாற்றிக் கரையில் நிறுத்தினார்கள். இடது காலின் செருப்பு நடுவில் கழன்று கடலோடு போயிற்று. காலையில் டோலியை மறுத்தவரை மாலையில் மூட்டையாக இறக்கியாயிற்று. மற்றொரு செருப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய வளைவுக்குக் கீழே, ஊரே படமெடுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, வெறுங்காலோடு டாக்சிக்கு நடந்தார். ஊருக்குப் போனபின் அக்கம்பக்கத்தார் மும்பை எப்படி என்று கேட்டால் அந்தச் செருப்புக் கதையைத்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறாராம். குகையைப் பற்றிச் சொல்வதில்லை.

அந்தப் பையன்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் இல்லையென்றால் நாங்கள் அங்கேயே இருந்திருப்போம். நாள் முழுக்கப் பாசிப்படியில் நின்று, பருத்தவர் மெலிந்தவர் என்று பாராமல் நூற்றுக்கணக்கானவரை இழுத்து விடுகிறார்கள். என் குறை, அவர்களுடைய தோள்களையே தாங்கள் படகுத்துறையாகக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்பது.

மழைக்காலப் பேரோதங்களில் நான்கரை மீட்டரையும் தாண்டி நீர் ஏறும் ஒரு துறைமுகத்தில், அசையாத கற்படி ஒரு நாளில் சில மணி நேரம்தான் படியாக இருக்க முடியும் என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் யாரும் தேவையில்லை. தீர்வும் புதிதல்ல. இதே துறைமுகத்தில், கேட்வேயிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மறுகரையிலுள்ள மாண்ட்வாவுக்கு 2020 மார்ச் முதல் ஓடும் ரோ-ரோ கப்பலில், கார்கள் சாய்தளத்தின் வழியே தாமாக ஏறி, தாமாக இறங்குகின்றன. ஒரு காரைக்கூட அக்குளில் கை கொடுத்துத் தூக்கியதாக நான் கேள்விப்படவில்லை. என் தாயாருக்கு நான்கு சக்கரங்கள் இருந்திருந்தால் அன்று செருப்போடு வீடு வந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த நகரத்துக்கும் தூக்கி ஏற்றுவதற்கும் ஏனோ பழைய பகை. தீவுக்குப் பெயர் தந்த கல் யானையை 1864-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு போவதற்காகப் பாரந்தூக்கியில் மாட்டினார்கள். சங்கிலி அறுந்து யானை துண்டு துண்டாகப் போயிற்று. ஒட்டவைத்த அந்த யானை இன்று பைகுலாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கிறது. தளம் ஒழுங்காக இல்லாமல் தூக்கினால் என்ன ஆகும் என்று நூற்றறுபது ஆண்டுகளாக அது நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்வே எழுந்ததே ஒரு மன்னர் 1911-இல் வந்திறங்கியதன் நினைவாக. 1948 பிப்ரவரியில் கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு அதன் வழியாகத்தான் நடந்து வெளியேறியது. வந்தவர்க்கும் போனவர்க்கும் மரியாதை குறையவில்லை. குகைக்கு நாற்பது ரூபாய்ச் சீட்டும், தீவுப் பஞ்சாயத்து வரியும், படகுக் கட்டணமும், மேல்தளத்துக்குத் தனிக் கட்டணமும் கட்டி வருகிறவர்களுக்கு மட்டும் பாசிப்படி. யுனெஸ்கோ பட்டியலில் எலிஃபண்டா 1987-லும், ரயில் முனையம் 2004-லும், ஓவல் மைதானக் கட்டடங்கள் 2018-லும் இடம்பெற்றதை விளம்பரப் பலகைகளில் பெருமையோடு எழுதுகிறோம். வந்து பார்க்கிறவருக்கு மூட்டுவலி இருக்கலாம் என்று எந்தப் பலகையும் நினைத்ததாகத் தெரியவில்லை.

கோபத்தில் பொருளை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருள்க.

2024 டிசம்பர் 18 அன்று, எலிஃபண்டாவுக்குச் சென்றுகொண்டிருந்த பயணப் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பின் லைஃப் ஜாக்கெட் கட்டாயமாயிற்று. நாங்கள் போன அன்றும் படகு கிளம்பும் முன் ஒவ்வொருவரும் அதை மாட்டிக்கொண்டிருக்கிறோமா என்று பார்த்தார்கள், அதற்காக நன்றி. நினைத்தால் தங்களால் விரைவாகச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் என் தாயார் அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. போக்குவரத்து எல்லோரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் இன்று கேட்வேயிலிருந்து எலிஃபண்டாவுக்கு எப்படிப் போவார் என்பதற்கு, யாராவது தூக்குவார்கள் என்பதைத் தவிர, தங்களிடம் வேறு விடை இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

கொலாபாவில் ரேடியோ கிளப் அருகே புதிய படகுத்துறை கட்டும் பணி 2025-இல் தொடங்கியதையும், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும் அறிவேன். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதன் திட்டத்தைப் பற்றிய செய்திகளில் கார் நிறுத்துமிடம் குறித்து நிறையப் படித்தேன். வற்றத்தில் ஒரு பாட்டி எப்படி இறங்குவார் என்பது குறித்து ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. வரைபடத்தில் அது ஏற்கெனவே இருக்குமானால், அதை வெளியிட்டு என் வாயை அடைத்துவிடுங்கள். மகிழ்ச்சியோடு மன்னிப்புக் கேட்கிறேன். புதிய துறை வரும்போது வரட்டும் என்று அதுவரை கேட்வேயை இப்படியே விட்டுவைப்பது முறையன்று. ஒரு மிதவைத் தளத்தை இழுத்து வந்து கட்டுவதற்குக் கடலுக்குள் தூண் எழுப்பும் அளவுக்குக் காலம் ஆகாது.

ஆகவே மீண்டும் அதே கோரிக்கையைப் பணிவோடு முன்வைக்கிறேன். இரு கரையிலும் மிதவைத் தளமும் கைப்பிடியுள்ள சாய்பாதையும் வேண்டும். அது வரும்வரை, முதியோரும் குழந்தைகளைத் தூக்கி வருவோரும் மாற்றுத்திறனாளிகளும் வரும் லாஞ்சுகளை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கட்டாமல், கரையை ஒட்டி முதலாவதாகக் கட்ட உத்தரவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. அன்றன்றைய ஏற்ற வற்ற நேரத்தைச் சீட்டு விற்கும் இடத்தில் மராத்தியிலும் இந்தியிலும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்பினால் படி கிடைக்கும் என்று தெரிந்தால், குகையில் கால் மணி நேரம் குறைத்துக்கொண்டு கிளம்ப நாங்களும் தயார். இந்தப் படகுத்துறை தங்கள் பொறுப்பில் வராதென்றால், யார் பொறுப்பில் வரும் என்பதையாவது தெரிவியுங்கள். நான்காவது மடலை அவர்களுக்கு எழுதிக்கொள்கிறேன்.

வரும் ஜனவரியில் என் சித்தி மும்பை வருகிறார். அவருக்கும் அந்த இராவணனைப் பார்க்க வேண்டுமாம். தம் அக்காவான என் தாயாரிடம் கேட்டபோது, "போ, ஆனால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போ" என்று சொல்லியிருக்கிறார். ஜனவரிக்குள் தங்களிடமிருந்து ஒரு வரி வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாட்டுங்காவிலிருந்து ஒரு பயணி