அந்த எட்டுக் கோர்களை எழுப்பாதே

அன்புள்ள செல்வம்,

நலம். வீட்டில் அனைவரின் நலமறிய ஆவல். உன் முந்தைய கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு வருந்துகிறேன்; வேலை நெருக்கடியைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆனால் நேற்று வந்த கடிதத்தைப் படித்த பிறகு இனியும் தாமதிக்க மனம் வரவில்லை. கதிரின் புதிய கணினியில் ஏதோ ஓர் இலவச மென்பொருளை நிறுவி, ப்ராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளான கோர்களில், விண்டோஸ் ஓய்வில் நிறுத்தி 'பார்க்' செய்திருந்தவை அனைத்தையும் விடுவித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அடுத்து ரகுவின் கணினி, அதற்கடுத்து கோபால் அண்ணனின் அலுவலகக் கணினிகள் என்று பட்டியலும் போட்டிருக்கிறாய். கையில் ஒரு கருவி கிடைத்தால் கண்ணில் பட்ட திருகாணிகளையெல்லாம் கழற்றிப் பார்க்கும் பழக்கம் உன்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆய்வகத்து மின்விசிறியை நானும் மறக்கவில்லை, ரகுவும் மறந்திருக்க மாட்டான். ஆகவே முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: கதிரின் கணினியில் செய்த மாற்றத்தை இன்றே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடு.

காசு கொடுத்து வாங்கிய கோர்களில் பாதியை விண்டோஸ் பூட்டி வைத்திருக்கிறது என்று கோபப்பட்டிருக்கிறாய். பூட்டி வைக்கவில்லை, செல்வம். 2009-இல் விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றோடு வந்த ஏற்பாடு இது. வேலை குறைவாக இருக்கும்போது அதைச் சில கோர்களிடம் மட்டும் கொடுத்து, மற்றவற்றிடம் புதிய வேலையை அனுப்பாமல் நிறுத்திக்கொள்வதுதான் பார்க்கிங். ஆளில்லாத அறையின் விளக்கை அணைப்பதைப் போன்றது அது. ஆள் வந்தால் விளக்கு எரியும். அப்படி ஓய்ந்த கோர், மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் துண்டிக்கப்பட்ட சி6 போன்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போக முடிகிறது. இதனால் மின்சாரம் மிச்சமாவதோடு, விழித்திருக்கும் கோர்கள் கூடுதல் வேகத்தில் ஓடவும் இடம் கிடைக்கிறது. 2011-இல் வந்த இன்டெலின் 'கோர் ஐ7 2600கே' ப்ராசசர் நினைவிருக்கிறதா? நான்கு கோர்களும் உழைக்கும்போது 3.5 கிகாஹெர்ட்ஸ், ஒன்று மட்டும் உழைக்கும்போது 3.8 கிகாஹெர்ட்ஸ் என்பதுதான் அதன் டர்போ, அதாவது தானாகக் கூடும் வேகத்தின் கணக்கு. அந்த ப்ராசசரில் விண்டோஸ் 7 பார்க் செய்ததும் பெரும்பாலும், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங்கின் இரண்டாவது த்ரெட்டுகளைத்தான். ஒரே கோரில் இரண்டு வேலைகளை அடைப்பதை விட, சும்மா இருக்கும் இன்னொரு கோருக்கு ஒன்றை அனுப்புவதே நல்லது என்பதால், அதில் நியாயமும் இருந்தது.

உன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சி6 உறக்கத்திலிருந்து ஒரு கோர் எழுந்து வர நூறு மைக்ரோநொடி அளவுதான் ஆகும். கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் (தனிப்படம்) காட்டுகிறது என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் 16.7 மில்லிநொடியில் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் எந்தக் கோரை எழுப்பலாம் என்று விண்டோஸ் ஒவ்வொரு கணமும் யோசிப்பதில்லை. மில்லிநொடிக் கணக்கில் இடைவெளி விட்டு, வேலைப்பளுவை அளந்து பார்த்த பிறகுதான் முடிவெடுக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 6.9 மில்லிநொடிதான் உண்டு. திடீரென்று வேலை குவியும் இடத்தில், அந்த முடிவு வருவதற்குள் ஒன்றிரண்டு ஃப்ரேம்கள் பிந்திப்போய்ப் படம் ஒரு கணம் திக்கலாம். என் பழைய நான்கு கோர் கணினியில் பார்க்கிங்கை நிறுத்திப் பார்த்தபோது சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை அசையவே இல்லை. கூட்டம் நிறைந்த காட்சிகளில் வரும் சறுக்கல் மட்டும் சற்றுக் குறைந்தது. அந்த அளவுக்கு அது உண்மையான பலன்தான். வேகம் இரட்டிப்பாகும் என்று உனக்குச் சொன்னவர்கள் எதை அளந்து சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு வேலையில் பாதி வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது என்பது ஜீன் ஆம்டால் 1967-இலேயே முன்வைத்த வாதத்திலிருந்து வரும் கணக்கு. பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மை த்ரெட்டே (வரிசையாக ஓடும் வேலைத் தொடர்) மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறது. ஓய்ந்திருக்கும் கோர்களை எழுப்புவதால் அந்த ஒரு த்ரெட் விரைவாக ஓடிவிடாது.

ப்ராசசர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் வரலாற்றைப் பார்த்தால், பார்க்கிங்கை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஏன் எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது என்பது புரியும். 2011-இல் வந்த புல்டோசர் ப்ராசசர்களில் இரண்டிரண்டு கோர்கள் ஒரே மாட்யூலில் சில உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டன. விண்டோஸ் 7 அந்த அமைப்பை அறியாமல் வேலையைப் பங்கிட்டதால், 2012 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் இரண்டு திருத்தங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று அந்த ப்ராசசர்களுக்குப் பார்க்கிங்கை நிறுத்துவது. 2017-இல் ரைசன் ப்ராசசர்கள் வந்தபோதும், விண்டோஸின் வழக்கமான 'பேலன்ஸ்டு' மின்சாரத் திட்டம் கோர்களை உறங்க வைக்கிறது என்று சொல்லி, பார்க்கிங் இல்லாத ஒரு தனித் திட்டத்தை ஏப்ரலில் ஏஎம்டியே கொடுத்தது. நீ படித்த அறிவுரைகளில் பல அந்தக் காலத்தவை என்று நினைக்கிறேன். அன்று அவை சரியாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் கதிரிடம் இருப்பது ரைசன் 9 7950எக்ஸ்3டி. 2023 பிப்ரவரியில் வந்த அந்த ப்ராசசரின் 16 கோர்கள் எட்டு எட்டாக இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. அந்த இரண்டும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு சில்லின் மேல் கூடுதல் கேஷை, அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகத்தை அடுக்கி, அதற்கு 96 எம்பி எல்3 கேஷ் கொடுத்திருக்கிறார்கள். மற்றொன்றுக்கு 32 எம்பிதான்; பதிலாக அது கூடுதல் கிகாஹெர்ட்ஸில் ஓடும். கேம்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது பெரிய கேஷ். தேவையான தரவு பக்கத்திலேயே இருந்தால் நினைவகம் வரை போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு த்ரெட் இந்தச் சில்லிலும் அதோடு பேச வேண்டிய த்ரெட் அந்தச் சில்லிலும் மாட்டிக்கொண்டால், செய்தி நடுவிலுள்ள மூன்றாவது சில்லைக் கடந்து போக வேண்டியிருப்பதால், தாமதம் பல மடங்கு கூடிவிடுகிறது. ஆகவே, கேம் ஒன்று தொடங்கியதை விண்டோஸில் உள்ள எக்ஸ்பாக்ஸ் கேம் பார் என்ற செயலி கண்டுகொண்டதும், ஏஎம்டியின் டிரைவர் மென்பொருள் வேலைகளைக் கேஷ் மிகுந்த எட்டுக் கோர்களுக்குத் திருப்பிவிட்டு, மற்ற எட்டையும் பார்க் ஆக வைக்கிறது. வேலை மிகுந்தால் அவையும் எழுந்து வரும். முன்பு பார்க்கிங்கை நிறுத்தச் சொன்ன அதே நிறுவனம், இந்த ப்ராசசரில் வேகத்துக்காகவே பார்க்கிங்கைப் பயன்படுத்துகிறது என்பதைக் கவனி. நீ பாதி ப்ராசசர் வீணாகிறது என்று நினைத்துப் பார்த்த காட்சி, அவன் பணம் கொடுத்து வாங்கிய அந்தக் கேஷ் முழுப் பயனைத் தரும் காட்சி. எல்லாக் கோர்களையும் விழித்திருக்க வைத்ததால், அவனுடைய கேமின் த்ரெட்டுகள் இரண்டு சில்லுகளிலும் சிதறுவதற்கு வழி திறந்திருக்கிறது. விண்டோஸின் 'ஹை பெர்ஃபாமன்ஸ்' மின்சாரத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதிதான். பெயரைப் பார்த்து அதற்கு மாறிவிடாதே.

மாற்றம் செய்த பிறகு கேம் மென்மையாக ஓடுவதாக எழுதியிருக்கிறாய். உன் கண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மாற்றத்தோடு கணினியையும் மறுதொடக்கம் செய்திருக்கிறாய், பின்னணியில் ஓடியவை நின்றிருக்கும், ஆடியதும் வேறு காட்சி. பலன் எதனால் வந்தது என்று இப்படிப் பார்த்தால் தெரியாது. பிரசண்ட்மான் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தைப் பதிவு செய்யும். ஒரே காட்சியை, ஒரே அமைப்பில், இரு நிலைகளிலும் பலமுறை ஓட்டிப் பதிவு செய். சராசரியோடு நின்றுவிடாமல், மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களையும் ஒப்பிட்டுப் பார். திக்கல் அங்கேதான் தென்படும்.

திருப்பி வைப்பது எளிது. முதலில் அந்த மென்பொருளிலேயே மாற்றத்தை ரத்து செய்துவிட்டு அதை நீக்கு. பிறகு பவர் ஆப்ஷன்ஸில் பேலன்ஸ்டு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அசல் அமைப்புகளை மீட்டெடு. சிப்செட் டிரைவரையும் கேம் பாரையும் புதுப்பித்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய். அதன் பின் கேமை ஓடவிட்டு, ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பகுதியைத் திற. பாதிக் கட்டங்களில் 'பார்க்டு' என்று தெரிந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரத்தைத் தேடி, கிடைத்த இடத்திலெல்லாம் வேல்யூமேக்ஸ் என்ற மதிப்பை 100-லிருந்து 0 ஆக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதையும் செய்திருந்தால் மறைக்காமல் எழுது, எங்கெங்கே மாற்றினாய் என்பதைச் சேர்ந்து தேட வேண்டியிருக்கும்.

ரகுவுடையது மடிக்கணினி. அதில் ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் வெப்ப வரம்பு பொதுவானது என்பதால், வெறுமனே விழித்திருக்கும் கோர்கள் கிராபிக்ஸின் பங்கைத் தின்றுவிடலாம். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ப்ராசசர் எண்ணிக்கையைக் குறிப்பிட்டால் எல்லாக் கோர்களும் வேலை செய்யும் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அந்தப் பெட்டி எண்ணிக்கைக்கு வரம்பு போடுவதற்கு மட்டுமே இருக்கிறது, குறிப்பிடாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தும் என்று நான் சொன்னதாக அவனிடம் சொல். கோபால் அண்ணனின் கணினிகளில் கடிதமும் கணக்கும் தவிர வேறு வேலை கிடையாது. அவற்றை அப்படியே விட்டுவிடு.

கதிர் புள்ளியியல் படிக்கிறான் அல்லவா? அளக்கும் வேலையை அவனிடம் கொடு. உன்னைவிடப் பொறுமையாகச் செய்வான். இரு நிலைகளின் பதிவுக் கோப்புகளையும் எனக்கு அனுப்பச் சொல். நீ செய்த மாற்றத்தால் அவனுடைய கேமில் உண்மையாகவே பலன் இருந்ததாக எண்கள் காட்டினால், அந்த ஒரு கேமுக்கு மட்டும் என்ன செய்யலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
சிவராமன்