அரை நிமிடத்துக்கு ஒரு சம்பளம்

மில்டன் கீன்ஸ், இங்கிலாந்து,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிருக்கு உடம்பு பழகிவிட்டது. சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடுவதற்குத்தான் மனசு இன்னும் பழகவில்லை. ஊர் முழுக்கச் சதுரம் சதுரமாகச் சாலைகள், சந்திக்குச் சந்தி ரவுண்டானா. 1967-இல் புது நகரம் என்று அறிவித்து, வரைபடத்தில் போட்டுக் கட்டிய ஊர் இது. ரயில்களுக்குக் கால அட்டவணை போடுகிறவள் குடியிருக்கப் பொருத்தமான இடம்தான்.

போன வாரம் போனில், "என்னைப் போலக் கன்ட்ரோலில் உட்கார்ந்து வண்டிகளை நடத்தவில்லை, ஸ்டேஷனில் நிற்கவில்லை, அரை நிமிஷத்தை அங்கேயும் இங்கேயும் நகர்த்தவா உனக்குச் சம்பளம்?" என்று சிரித்தீர்கள். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அரை நிமிடம் என்பது உண்மைதான் அப்பா. பயணிகள் பார்ப்பது முழு நிமிடம். ஊழியர்களுக்கான அட்டவணையில் 10.05-க்குப் பக்கத்தில் ஒரு 'எச்' இருந்தால் பத்து மணி ஐந்தரை நிமிடம் என்று அர்த்தம். மற்றபடி நீங்கள் போட்ட அதே சார்ட்தான், வண்டிக்கு ஒரு கோடு. ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், ஒரு பக்கம் நேரம், வேகமான வண்டி செங்குத்தாக ஏறும், கூட்ஸ் சாய்ந்து படுத்திருக்கும். ஆனால் நீங்கள் வண்டி ஓட ஓடக் கோடு போட்டீர்கள். நாங்கள் வண்டி கிளம்பப் பல மாதம் முன்னாலேயே போட்டுவிடுகிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் டிசம்பரும், அட்டவணை மாறும்.

நான் வந்த புதிதில் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஸ்டேஷன், வளைந்த பிளாட்பாரம். வண்டி நிற்க அரை நிமிடம் எழுதினேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவது என் கணக்கில் இல்லை. ஒரு நிமிடம் ஆகிறது. அடுத்த ஸ்டேஷனிலும் இதே கதை. இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஜங்ஷனுக்கு இரண்டு நிமிடம் லேட்டாக வருகிறது. அதற்குள் குறுக்கே போக வேண்டிய வண்டிக்குச் சிக்னல் கொடுத்துவிட்டார்கள். இது காத்திருக்கிறது, இதன் பின்னால் இன்னும் மூன்று வண்டி காத்திருக்கிறது. பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "ஜங்ஷனில் வேறு வண்டிக்காகக் காத்திருப்பு." ஜங்ஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் பேனா மேல்தான்.

இதை யாரும் கண்டுபிடிக்காததற்கும் காரணம் உண்டு. வண்டி கடக்கும் நேரத்தைக் குறிக்கும் இரண்டு பதிவு இடங்களுக்கு நடுவில் மூன்று நிமிடமோ அதற்கு மேலோ போனால்தான் இங்கே காரணம் கேட்பார்கள். அதற்குக் கீழே போவதெல்லாம் கேள்வி கேட்பாரில்லாமல் போகும். தினமும் அதே இடத்தில் முப்பது விநாடி கசிவதை, நான்கு வாரக் கணக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் பிடித்தேன். நீங்களாக இருந்தால் இரண்டாம் நாளே அந்த ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள். இங்கே பல ஸ்டேஷன்களில் கூப்பிட ஆளே இல்லை.

மூன்று நிமிடம் ஆகிவிட்டால் அப்புறம் கூத்துதான். தண்டவாளம் ஒருவர் கையில், வண்டி ஓட்டுவது வேறு கம்பெனிகள். யார் தப்பு என்பதைப் பொறுத்துப் பணம் கை மாறும். அதனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சொந்தக்காரர் யார் என்று வாதாடுவதற்கே கிட்டத்தட்ட 400 முழுநேர ஊழியர்கள் இருப்பதாக 2021-இல் அரசாங்க அறிக்கையிலேயே எழுதினார்கள். வண்டியில் பெரிய பறவை மோதினால் வண்டிக் கம்பெனி பொறுப்பில்லை, சின்னப் பறவை என்றால் பொறுப்பு. ஃபெசன்ட் என்று காட்டுக்கோழி ஜாதியில் ஒன்று இருக்கிறது. அது சின்னப் பறவையா இல்லையா என்று மத்தியஸ்தம் வரைக்கும் போயிருக்கிறார்கள்! இதைப் படித்து நீங்கள் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

இன்னொன்று. கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் கொஞ்சம் நேரத்தை ஒளித்து வைத்து, வழியெல்லாம் லேட்டாக வந்த வண்டியை ரைட் டைமில் சேர்க்கும் வித்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் அது இருந்தது. முன்பெல்லாம் கடைசி ஸ்டேஷனைத்தான் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள், தூரத்து வண்டி என்றால் பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இப்போது வழியில் உள்ள ஸ்டேஷன்களிலும் பார்க்கிறார்கள், ஒரு நிமிடம் முழுசாகத் தாண்டினால் லேட். ஒளித்து வைத்த நேரத்தையெல்லாம் வெளியே எடுத்து, உண்மையிலேயே வேண்டிய இடத்தில் பங்கு வைப்பதுதான் இப்போது என் வேலை. ஒரு இடத்தில் கொடுத்தால் இன்னொரு வண்டியிடமிருந்து பிடுங்க வேண்டும். அந்தக் கம்பெனிக்காரர் மறுநாளே போன் பண்ணுவார்.

இந்த மாதம் இலைகள் வேறு. இலையால் வண்டி லேட் என்றதும் முதலில் நானும் கேலி என்றுதான் நினைத்தேன். உதிர்ந்த இலை சக்கரத்தில் நசுங்கி, தண்டவாளத்தில் கறுப்புப் பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. பிரேக் பிடித்தால் வழுக்கும். அதைக் கழுவ, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் தனி ரயில்கள் ராத்திரியில் ஓடுகின்றன. டிரைவர் முன்னதாகவே பிரேக் போடுவார், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சில விநாடி போகும். அதையும் நாங்கள்தான் முன்கூட்டி எழுத வேண்டும்.

எங்கள் ஆபீஸில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவது 2018 மே மாத அட்டவணை மாற்றத்தைப் பற்றி. வடமேற்கில் மின்மயமாக்கும் வேலை தள்ளிப்போனது, அட்டவணையைக் கடைசி நேரத்தில் திரும்பவும் எழுத வேண்டியிருந்தது, புதுப் பாதைகளில் டிரைவர்களுக்குப் பயிற்சி முடியவில்லை. தினம் நூற்றுக்கணக்கான வண்டிகள் ரத்து. சார்ட்டில் கோடுகள் எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். கோட்டின் மேல் உட்கார்ந்து ஓட்ட ஆள் இருக்கிறாரா என்று கேட்பதும் திட்டமிடுகிறவன் வேலைதான் என்று அதற்கப்புறம் எல்லோரும் சொல்கிறார்கள். வண்டிக்கு ஆள் போடும் க்ரூ கன்ட்ரோலருக்குப் போன் போடாமல் நீங்கள் ஒரு கூட்ஸைக்கூட உங்கள் பகுதிக்குள் வாங்கியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பிரிஸ்டல் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய கட்டடத்துக் கடிகாரத்தில் இரண்டு நிமிட முள். ஒன்று லண்டன் நேரம், ஒன்று பத்து நிமிடம் பிந்திய உள்ளூர் நேரம். ரயில் வந்ததும் ஊருக்கு ஒரு நேரம் என்பது தாங்கவில்லை. 1840-இல் அந்தத் தடத்து ரயில்வே லண்டன் நேரத்துக்கு மாறியது, நாடு முழுக்கச் சட்டமானது 1880-இல். நம் பக்கம் மெட்ராஸ் டைம் ரயில்வே நேரமாக ஓடியதை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கீழே நின்று இரண்டு முள்ளையும் போட்டோ எடுத்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு உதவி. பீரோவின் மேல் சுருட்டி வைத்திருக்கும் பழைய சார்ட்டுகளில் ஒன்றை அனுப்ப முடியுமா? வெள்ளம் வந்த அந்த வருஷத்தது இருந்தால் நல்லது. கோடுகளுக்காக இல்லை. ஓரத்தில் பென்சிலில் காரணம் எழுதுவீர்களே, அதற்காக. வண்டி எங்கே நின்றது என்பதோடு, முதலில் எங்கே பிந்தியது என்றும் அதில் எழுதியிருப்பீர்கள். இங்கே ஒருவரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஞாயிறன்று கூப்பிடுகிறேன். இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள், இப்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம்.

அன்புடன்,
உங்கள் மகள்