உலோக அணு தூவினால் மட்டும் ஸ்பின் மின்னோட்டம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் மீது இரும்பு, கோபால்ட் அணுக்களைத் தூவினாலே அதில் ஓடும் எலக்ட்ரான்களின் ஸ்பின் (ஒவ்வோர் எலக்ட்ரானையும் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) ஒரே பக்கம் திரும்பிவிடும் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தோம். இது கணினிக் கணக்கின் முடிவு. 32 கார்பன் அணுக்களுக்கு ஓர் உலோக அணு என வரிசை பிசகாமல் வைத்து, அவற்றின் காந்தத் திருப்புத்திறன் (அணுவின் காந்த வலிமையும் திசையும்) எல்லாம் ஒரே திசையில் நிற்பதாகக் கொண்டு போடும் கணக்கு அது. ஆய்வகத்தில் அணுக்கள் கண்டபடி விழுகின்றன. புறக்காந்தப்புலம் இல்லாவிட்டால் திசைக்கு ஒன்றாக நிற்கின்றன. கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது சுழியம்தான். சற்றுச் சூடேறினாலோ பரப்பில் நகர்ந்து திரள்களாகிவிடும். அதனால்தான் மீவெற்றிடத்தில், கடுங்குளிரில் தூவி, காற்றுப் படாமல் அங்கேயே அளக்கிறார்கள்.

சோதனைகளில் ஒரே பக்கம் திரும்பிய ஸ்பின்னைக் கிராஃபீனுக்குள் செலுத்துவது பெரும்பாலும் காந்தமான கோபால்ட் மின்முனைகள். அவற்றை நேராகக் கிராஃபீனில் பதித்தால், மின்தடை குறைந்த உலோகத்துக்கே ஸ்பின் திரும்பிப் போய்விடும். இடையில் ஏறத்தாழ 1 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடோ மெக்னீசியம் ஆக்சைடோ மின்கடத்தாப் படலமாக வேண்டும். அந்தப் படலத்தில் ஊசித்துளை விழுந்தால் பழைய கதைதான். மின்முனைகளின் அகலமும் வேறுவேறாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றின் காந்தத் திசையும் வெவ்வேறு அளவு காந்தப்புலத்தில் புரளும். மின்னோட்டத்தை ஒரு ஜோடி மின்முனையில் செலுத்தி, ஸ்பின் தரும் மின்னழுத்தத்தை, அதாவது சமிக்ஞையை, அந்தப் பாதைக்கு வெளியே உள்ள ஜோடியில் அளக்க வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு 2007இல் இப்படித்தான் அறை வெப்பநிலையில், கலப்பில்லாத கிராஃபீனிலேயே, ஸ்பின் 1.5 முதல் 2 மைக்ரோமீட்டர் தூரம் வரை தாங்குவதைக் காட்டியது.

கிராஃபீன் பரப்புக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்து ஸ்பின்னைச் சுழல வைக்கும் ஹான்லே சோதனையில் தேறாத சமிக்ஞையை நம்ப முடியாது.

சேர்க்கும் அணு எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதுமில்லை. தங்கம் எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றியும் ஸ்பின் ஆயுளை (ஸ்பின் திசை மாறாமல் நிற்கும் நேரத்தை) குலைக்கவில்லை. உலோகமே அல்லாத ஹைட்ரஜன்தான் காந்தத் திருப்புத்திறனை உண்டாக்கியது. 2012இல் வெளியான சோதனையில், புலம் சுழியமாகும் இடத்தில் சமிக்ஞை பள்ளமாக இறங்கியது. திசைமாறி நிற்கும் திருப்புத்திறன்கள் ஸ்பின்னைச் சிதறடிக்கின்றன. புலத்தைக் கூட்டினால் அவை ஒழுங்காகி, சமிக்ஞை மீள்கிறது. அதே திருப்புத்திறன்கள் எலக்ட்ரான்மீது கூடுதல் புலம்போலச் செயல்பட்டு ஸ்பின்னை வேகமாகச் சுழற்றுவதால், ஹான்லே வளைவு (புலத்துக்கு ஏற்பச் சமிக்ஞை மாறுவதைக் காட்டும் கோடு) ஒடுங்கும். அதை வழக்கமான சமன்பாட்டில் பொருத்தினால், ஸ்பின் ஆயுள் கூடிவிட்டதாகப் பொய்யான விடை வரும்.