சதம் அடித்தது போதும், புழுக்கத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் 'சதம்' வராத நாளே கிடையாது. இன்று வேலூரில் சதம், நாளை மதுரையில் சதம், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. அந்த 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கணக்குப் போட்டால் 37.8 டிகிரி செல்சியஸ். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு, போளூர் பக்கம் கத்திரியில் அதைத் தொடாத நாளைத்தான் செய்தியாகப் போட வேண்டும்.

வெயில் எவ்வளவு என்பதை நீங்கள் சொல்லி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, களத்தில் கால் வைத்தாலே தெரிந்துவிடும். நீங்கள் சொல்லாமல் விடுவது புழுக்கத்தை. காய்ந்த வெயில் 40 அடிக்கும் நாளில் கழுத்தில் போட்ட ஈரத்துண்டு பத்து நிமிடத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது, மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். கிழக்கே கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று ஏறிவிட்ட நாளில் வெயில் 36தான் இருக்கும், ஆனால் அதே துண்டு சாயங்காலம் வரை சொதசொதவென்று கழுத்திலேயே கிடக்கும், உடம்பில் வேர்வை வழியுமே தவிர ஆறாது. வானிலைக்காரர்கள் வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: 40 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடம்புக்கு 41 போலத்தான் உறைக்கும், 35 டிகிரியும் 60 சதவீதமும் என்றால் 45 போல. அதுவும் நிழலில். ஆக உங்கள் பெட்டிச் செய்தியில் 'வெயில் சற்றுத் தணிந்தது' என்று போடும் நாள்தான் எங்கள் ஆட்களுக்குத் தலை சுற்றுகிற நாள்.

ஈரப்பதத்தைப் போடுகிறோமே என்பீர்கள். எப்போதாவது போடுகிறீர்கள், காலை எட்டரை மணிக் கணக்கு. காலையில் 80 சதவீதம் இருப்பது எல்லா ஊரிலும் சகஜம், குளிர்ந்த நேரத்தில் அது கூடித்தான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் எவ்வளவு என்பதுதான் விஷயம். கூடவே இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் போடுங்கள். ராத்திரி 29க்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஓட்டு வீட்டில் படுத்து எழுந்தவன் மறுநாள் வேலைக்கு அரை உடம்போடுதான் வருகிறான்.

இன்னொன்று, 'வெப்ப அலை எச்சரிக்கை இல்லை' என்று போட்டால் ஜனங்கள் பயமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சமவெளியில் வெயில் 40ஐத் தொட வேண்டும், அதோடு அந்த ஊரின் இயல்பைவிட நாலரை டிகிரி கூடவும் இருக்க வேண்டும், அல்லது நேராக 45க்குப் போக வேண்டும், அப்போதுதான் அது வெப்ப அலை. மே மாத இயல்பே 38, 39 என்று இருக்கும் ஊரில் 42 அடித்தாலும் அந்தக் கணக்கில் வராது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று சொன்னபோது பெரிதாகப் போட்டீர்கள், சரி. அந்த வரையறை என்ன என்பதையும் அப்படியே ஒரு நாள் பெரிதாகப் போடலாமே.

அப்புறம் மழை. இதுதான் என் சொந்த வயிற்றெரிச்சல். போன மே மாதம் நவரைப் பருவ நெல்லை அறுத்து, கொள்முதல் நிலையத்துக்கு வெளியே கொட்டிவைத்து முறைக்குக் காத்திருந்தோம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதனால் பகலெல்லாம் காலால் துழாவித் துழாவிக் காயவைத்தாயிற்று. அன்று காலை பேப்பரில் 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும்' என்று இருந்தது. இது மார்ச்சிலிருந்து வந்துகொண்டே இருக்கும் வரிதானே, யார் கண்டுகொள்வது? சாயங்காலம் ஐந்தரை இருக்கும், ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்தது, காற்று நின்றது, இலை அசையவில்லை, பிறகு புழுதியோடு ஒரே வீச்சு. தார்ப்பாயை நாலு பேர் பிடித்தும் அது பட்டம் மாதிரி பறந்தது. முக்கால் மணி நேரத்தில் குவியலுக்கு அடியில் தண்ணீர் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் முளை விட்ட நெல்லை என் மருமகள் கையில் அள்ளிக் காட்டினாள்.

பிறகுதான் இந்தச் சொற்களைத் தேடிப் படித்தேன். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதி மழைமானிகளில் நாலில் ஒரு பங்குக்குள் மழை பதிவாகும் என்று பொருளாம். 'மிதமான மழை' என்றால் ஒரு நாளைக்கு 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. ஆறு சென்டிமீட்டர் மழைக்கு மிதம் என்று பெயர்! வானிலைத் துறை வைத்திருக்கும் அளவுகோல் அது, தப்பில்லை. அதை விளக்காமல் அப்படியே அச்சடிப்பதைத்தான் சொல்கிறேன்.

கோடை இடிமழை எந்தத் தெருவில் விழும் என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். பகல் சூட்டில் மலைப்பக்கம் மேகம் எழும்பும், மேற்குக் காற்றும் கடற்காற்றும் முட்டுகிற இடத்தில் வலுக்கும், சாயங்காலம் கிழக்கே நகரும். ஆனால் வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கிறதே. இடிக்கு 'தாமினி' செயலி இருக்கிறது, மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' செயலி இருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லிக்கொண்டு புளிய மரத்தடிக்கு ஓடுகிறார்கள், ஓடக்கூடாத இடமே அதுதான்.

ஆகவே மாவட்டப் பதிப்பில் கைக்குட்டை அளவு இடம் போதும். பிற்பகல் ஈரப்பதம், இரவு வெப்பம், இடிமழை வந்தால் எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து வர வாய்ப்பு, மூன்று மணி நேர எச்சரிக்கையை எங்கே பார்ப்பது. இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ராசிபலனுக்கு அரைப் பக்கம் போகிறது. (கோபித்துக்கொள்ள வேண்டாம், என் வீட்டில் முதலில் படிப்பதும் அதைத்தான்.)

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சேத்துப்பட்டு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்