பிளாக்வாட்டர் கழிமுகத்தை எங்களுக்குக் காட்டின எல்லாருக்கும் நன்றி

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளையளையும் பெற்றோரையும் எசெக்ஸ் கரையில இருக்கிற பிளாக்வாட்டர் கழிமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாச்சு. பஸ் ஒழுங்கு செய்தவை, விடியவே எழும்பிப் புளிச்சோறு கட்டித் தந்த அக்காமார், சின்னனுகளின்ர பூட்ஸில சேறு கழுவின தம்பிமார் எண்டு எல்லாருக்கும் நன்றி. ஆனா சில பேருக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும், அவையள் இல்லாட்டி நாங்கள் வெறும் சேத்தையும் காத்தையும் பாத்துப்போட்டு வந்திருப்பம்.

பிராட்வெல்லில புனித பீட்டர் சிற்றாலயத்தடியில எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிண்ட அம்மாவுக்கு முதல் நன்றி. கார் பார்க்கில இருந்து நல்ல நடை, காத்துச் சுழட்டி அடிக்குது, வந்து பாத்தால் தன்னந்தனியா ஒரு உயரமான கல்லுக் கட்டடம், "இது வைக்கோல் போடுற கொட்டில் மாதிரி இருக்கு" எண்டு ஒரு பெடியன் சொல்லிப்போட்டான். அவ கோவிக்கேல்லை, சரியாத்தான் சொன்னாய், கனகாலம் இது களஞ்சியமாத்தான் கிடந்தது, 1920லதான் திரும்ப ஆலயமாக்கினவை எண்டு சொல்லி, வண்டில் போய்வர உடைச்ச வாசலைப் பிறகு அடைச்ச இடத்தைச் சுவரில காட்டினா. கல்லுக்கு நடுவில இருக்கிற சிவத்த ரோமன் செங்கல்லைத் தொட்டுப் பாக்கவும் விட்டா. ரோமர் 3ம் நூற்றாண்டுக் கடைசியில கரைக்காவலுக்குக் கட்டின ஒதோனா கோட்டை இங்கதான் இருந்தது, அதின்ர மேற்கு வாசல் இருந்த இடத்தில அந்தக் கோட்டையின்ர கல்லையும் செங்கல்லையுமே எடுத்து 654 அளவில செட் எண்ட துறவி கட்டினதுதான் இந்த ஆலயம். கோட்டையின்ர கிழக்குப் பக்கம் முழுக்கக் கடலுக்குள்ள போட்டுது, மிச்சமும் 1864ல கடலணை வேலை நடக்கேக்கதான் வெளிய வந்தது. 664ல செட் வடக்க லாஸ்டிங்கம் மடத்தில கொள்ளைநோயில செத்தாப்பிறகு, அவற்ற உடம்புக்குப் பக்கத்திலயே இருப்பம் எண்டு இந்தப் பக்கத்துத் துறவிகள் 30 பேர் அளவில அங்க போய், ஒரு சின்னப் பெடியனைத் தவிர எல்லாரும் அதே நோயில செத்தவை எண்டு அந்தக் காலத்து வரலாறு எழுதின பீட் எண்ட துறவி எழுதி வச்சிருக்கிறார். இதை அவ சொல்லக் கேட்ட எங்கட மகள் வீட்டை வந்தும் அந்தப் பெடியனைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது வள்ளக்காரர். பெரியாக்கள் கொஞ்சப் பேரை இன்னொரு நாள், பெருவத்து நேரம் பாத்து காலின்ஸ் க்ரீக் பக்கம் கொண்டு போனவர். தண்ணி வத்த வத்தச் சேத்துத் திட்டு மேல வந்து, அதில கருப்புக் கருப்பாக் கட்டை முனையள் வரிசை வரிசையா நீளத்துக்குப் போகுது. எல்லாம் 7ம் நூற்றாண்டுக்கும் 10ம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட மீன் தடுப்பு, அதாவது மீன் பிடிக்கச் சேத்தில கட்டை நட்டுக் கட்டின பொறி, 13,000 கட்டைக்கு மேல இருக்கும் எண்டு கணிச்சிருக்கினம். காத்துப் படாமச் சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்ததாலதான் மரம் இவ்வளவு காலம் உக்காமல் இருக்கு. வெளிய தெரிய வந்தால் அலை அரிக்கும், பூச்சி தின்னும். அதனாலதான் அவர் ஒருத்தரையும் கீழ இறங்க விடேல்லை, வள்ளத்தைத் தள்ளி நிப்பாட்டித்தான் காட்டினவர், அந்தக் கண்டிப்புக்கே தனி நன்றி.

அதில எங்களோட வந்த குருநகர் ஐயாவைச் சொல்லாமல் விடேலாது. மீன் தடுப்பின்ர படத்தைக் கண்டவுடன "இது எங்கட யாழ்ப்பாணத்துச் சிறகுவலைதானே" எண்டார், பிறகு வள்ளக்காரரிட்டை மகன் மூலமாக் கேட்ட முதல் கேள்வி, தடுப்பின்ர வாய் எந்தப் பக்கம் பாத்திருக்கு எண்டு. பெருக்கில உள்ளுக்க ஏறின மீன் வத்தேக்க கடலுக்குத் திரும்பும், ரெண்டு பக்கமும் கட்டின படல் அதுகளை ஒடுக்கி முனையில இருக்கிற பறிக்குள்ள விட்டிடும், அப்ப வாய் கரைப்பக்கம்தான் பாக்கோணும். வள்ளக்காரர் சிரிச்சுக்கொண்டு தலையாட்டினார், ரெண்டு பேரும் அதுக்குப் பிறகு கையாலயே கதைச்சுக்கொண்டு வந்திச்சினம். இவ்வளவு கட்டை வெட்டி இறக்க எத்தினை ஆள் வேணும், யார் சோறு போட்டது எண்டு ஐயா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மண்டைக்குள்ள நிக்குது. ஒரு குடும்பம் செய்யிற வேலை இல்லை அது, பெரிய மடமோ பிரபுவோ பின்னால நிண்டிருக்கோணும்.

மெர்சி தீவு மியூசியத்தில இருந்த தொண்டர்களுக்கும் நன்றி, தீவுக்குப் போற ஸ்ட்ரூட் பாதைக்கடியில 1978ல தண்ணிக்குழாய் போடேக்க ஓக் மரத்தூண்கள் வந்ததையும், மர வளையம் பாத்து அது 7ம் நூற்றாண்டுக் கடைசி எண்டு கண்டுபிடிச்சதையும் பொறுமையா விளங்கப்படுத்தினவை. அந்தப் பாதை இப்பவும் பெரிய பெருக்கில மூடுப்படும், நேர அட்டவணையைக் கையில வச்சுக்கொண்டு எங்களை நேரத்துக்குக் கரை சேத்த பஸ் டிரைவர் அண்ணைக்கும் நன்றி.

பிள்ளையள் கீறின கோட்டைப் படங்களையும் மீன் தடுப்புப் படங்களையும் அந்த அம்மாவுக்கும் வள்ளக்காரருக்கும் அனுப்பப் போறம், இன்னும் தராத ஆக்கள் வாற சனிக்கிழமை ரீச்சரிட்டைக் குடுத்து விடுங்கோ.