சம்பளப் பட்டியல் முதல் வரியில் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியாவில், பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பக்கம் சின்னச் சின்ன கம்பெனிகளில் 14 ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டேன், ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் போய்விடுவேன். நம் கிறிஸ்தவ மக்களில் நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சம்பள மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் 12, 13 ஆகிவிடும். முதலாளி நம்மவர்தான், கோவில் காரியம் எதுவென்றாலும் முன்னால் நிற்பவர். பணம் இல்லாமல் இல்லை. சரக்கு கொடுக்கிறவனுக்குத் தராவிட்டால் அடுத்த லோரி வராது, அதனால் அவனுக்கு முதலில் போகும். வேலையாட்கள் எப்படியும் மறுநாள் காலையில் வந்து நிற்பார்கள், அதனால் அவர்கள் கடைசி. "நாளைக்கு வந்துடும்" என்று சொல்லும் வாய் என்னுடையது. துப்புரவு வேலை செய்த ஓர் அக்கா, மகனுக்குப் பள்ளி பஸ் காசு கட்டவில்லை, சம்பளம் எப்போது என்று ஒன்பதாம் தேதி வந்து கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். அந்த ஞாயிறு எந்த உறுத்தலும் இல்லாமல் வரிசையில் நின்று நற்கருணை வாங்கினேன், அதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்று பைபிளில் இணைச்சட்டம் என்ற நூலின் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உன் இனத்தவன் என்றாலும் அந்நியன் என்றாலும் அப்படித்தான் என்கிறது, அப்படியானால் நம் தொழிற்சாலைகளில் இருக்கும் நேப்பாள, வங்காளதேசத் தம்பிகளும் அதில் அடக்கம். தொழிலாளிக்குச் செய்யும் அநீதியை, அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தத்தோடு சேர்த்து, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவமென்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் நான். என் மேசையில் இருக்கும் சம்பளச் சீட்டைப் பற்றிய பேச்சு என்று மட்டும் தோன்றவே இல்லை.

தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கதையும் இதே மாதிரிதான். தொழிலாளியின் 11 விழுக்காட்டைச் சீட்டில் பிடித்துவிட்டு, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டாமல் இழுத்தால் அது அவருடைய பணத்தை நாம் வைத்திருப்பது, வேறு பெயர் கிடையாது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், "அப்புறம் மொத்தமா தரேன்" என்று எத்தனை மாதம் சொல்லியிருப்போம்?

மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அதை ஏற்படுத்தியதும் 1955இல்தான், நம் வேலைச் சட்டத்தின் ஆண்டும் அதுவே. அன்றைய பிரசங்கத்தில் குருக்கள் சம்பளத் தேதியைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், கோவிலைக் கூட்டிப் பெருக்குபவரின் சம்பளமும் அதில் சேர வேண்டும்.

இப்போதிருக்கும் இடத்தில், ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடலாமே என்று முதலாளியிடம் நானே கேட்டேன். பயந்துகொண்டே கேட்டேன், அவர் சரி என்றுவிட்டார். என்னைப்போல் கணக்கு மேசையில் இருப்பவர்களே, மாதக் கடைசியில் கொடுக்க வேண்டியவற்றை எழுதி முதலாளியிடம் நீட்டும்போது, சரக்குக் கடனுக்கும் லோரி வாடகைக்கும் மேலே, முதல் வரியில் சம்பளத்தை எழுதி நீட்டுங்கள்.

ஒரு வாசகி,
பட்டர்வொர்த்